ஆறிய சோறும் அணையா அடுப்பும்

வடசென்னையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பலிலிருந்தோ இரயிலிலிருந்தோ தொடங்குவர். 1856ஆம் ஆண்டு இராயபுரத்தில் திறக்கப்பெற்ற நிலையமும், பின்னர் எழுந்த துறைமுகமும், பெரம்பூர் ஆலைகளும், எண்ணூர் வரை நீண்ட தொழிற்சாலைகளும் அவ்வரலாற்றின் தூண்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் அத்தூண்களைத் தோளில் தாங்கிய மக்கள் எதை உண்டனர், எந்நேரம் உண்டனர், யாருடன் உண்டனர் என்னும் கேள்விகள் ஏட்டில் ஏறுவது அரிது. கல்லால் ஆன மண்டபம் ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கும் கல்மண்டபத்தின் தெருக்களில் விடியற்காலையில் வலைக்குப் போவோரும், முதல் ஷிப்டுக்குப் போவோரும், சந்தைக்குக் கூடை சுமப்போரும் எதிரெதிரே நடந்த காலம் நெடியது. அவர்களுள் மிகப் பலர் புறப்படுமுன் உண்டது, முன்னாள் இரவில் நீரூற்றி வைத்த சோறு.

அந்த உணவைச் சுற்றி ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. குடும்பத்தின் உணவு முறையான உணவாக மதிக்கப்பட வேண்டுமாயின் அது சூடாக இருந்தே தீர வேண்டுமா? ஆறிய சோற்றை உண்டு எழுந்த வீடு, உண்ட வீடா, உண்ணாத வீடா? சிறு கேள்வியாகத் தோன்றினும், இதற்குள் சாதியும் வகுப்பும், ஆலையின் மணியும், அடுப்பங்கரையில் நிற்கும் பெண்ணின் பொழுதும் ஒருங்கே அடங்கியுள்ளன. நாடாளுமன்றமும் இவ்வழக்கில் ஒரு சொல் சொல்லியிருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'உணவு' என்பதற்கு வரையறை கூறுமிடத்து, சூடாகச் சமைத்தது, அல்லது முன்னரே சமைத்துப் பரிமாறுமுன் சூடாக்கியது, அல்லது வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கொடுக்கும் பங்கு என்று வகுக்கிறது. சூடு இவ்வாறு சட்டத்தின் சொல்லாயிற்று. அது எவ்வழி வந்து அங்குச் சேர்ந்தது என்பதை ஆராய்வதற்கு வடசென்னையை விடப் பொருத்தமான இடம் காண்பது கடினம்.

சொல்லில் உள்ள இருமனம்

தமிழ் இவ்வழக்கில் இரு பக்கமும் பேசும் மொழி. 'சுடச்சுட' என்னும் அடுக்குச்சொல்லே விருந்தின் அடையாளம். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்னும் பழமொழி, சூடு தணிந்த கணத்திலேயே உணவின் மதிப்பும் போயிற்று என்று தீர்ப்பளித்து, அதை உலக விவகாரங்கள் அனைத்துக்கும் பொருத்திவிடுகிறது. ஆனால் உண்டு நிறைதலைக் குறிக்கத் தமிழர் ஆளும் சொல் 'பசியாறுதல்'. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், தமிழக முஸ்லிம்களின் வீடுகளிலும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதற்குப் பதிலாகப் பசியாறியாயிற்றா என்றே கேட்கின்றனர். சோறு ஆறினால் குறை. பசி ஆறினால் நிறைவு. மனத்தின் துயர் தணிவதும் ஆறுதலே. உணவிட்டவரை வாழ்த்துவோர் 'வயிறு குளிர்ந்தது' என்பர். வெப்பம் வயிற்றில் சேரும்பொழுது அது வயிற்றெரிச்சலாகிவிடுகிறது.

இலக்கியமும் இந்த இருமனத்தைப் பதிவு செய்துள்ளது. பெரும்பாணாற்றுப்படையில் உழவுத் தொழிலாளரின் சிறுவர்கள் பழஞ்சோற்றுத் திரளையை வெறுத்துப் புதிய நெல்லில் அவல் இடிக்கும் காட்சி வருகிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே உழைப்போர் வீட்டில் பழஞ்சோறு அன்றாட உணவாக இருந்தது என்பதும், அன்றாடம் அதையே உண்ட பிள்ளைகள் சலித்துப் போயினர் என்பதும் ஒரே காட்சியில் தெரிகின்றன. பழைய சோற்றின் பெருமையை மட்டும் பேசுவோர் அச்சிறுவர்களின் சலிப்பை மறந்துவிடலாகாது.

சமயமும் ஒரு குரலில் பேசவில்லை. பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் உணவை மூவகையாகப் பகுத்து, சமைத்து நேரம் கடந்ததைத் தாமச உணவின் வரிசையில் வைக்கிறது. ஆசாரம் பேணிய வீடுகளில் பழையது விலக்கப்பட்டதற்கு இவ்வகைக் கருத்துகள் துணை நின்றன. அதே மண்ணில், ஆடி மாதம் பிறந்துவிட்டால் வடசென்னையின் அம்மன் கோயில்தோறும் கூழ் வார்க்கின்றனர். முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யுடன் காய்ச்சி, ஆறவிட்டு, வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் துணையாக வழங்கும் அந்தக் கூழ் அம்மனுக்குரிய படையல். குஜராத்தில் சீதளா அன்னைக்குரிய சப்தமி நாளில் அடுப்பே மூட்டுவதில்லை. முன்னாள் சமைத்ததை ஆறிய நிலையில் உண்பதே வழிபாடு. சீதளா என்னும் பெயரே குளிர்ச்சியைக் குறிப்பது; மாரியம்மனைப் போல அவளும் அம்மை நோய்க்குரிய தெய்வம். ஒடிசாவின் பகாளமும், வங்கத்தின் பாந்தா பாத்தும் நீரில் ஊறிய சோறுகளே. ஆகவே ஆறிய உணவு இழிந்தது என்பது இந்நாட்டின் பொதுக்கருத்து என்று கொள்ள இடமில்லை.

கஞ்சித்தொட்டியின் நெருப்பு

கல்மண்டபத்திற்கு அணித்தே உள்ள ஸ்டான்லி மருத்துவமனையை அவ்வட்டாரத்து மக்கள் நெடுங்காலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வழங்கினர். அப்பெயருக்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. ஐதர் அலியுடன் நடந்த போரினால் நாட்டுப்புறம் பாழாகிப் பட்டினி பரவிய காலத்தில், 1782இல், நகருக்கு ஓடி வந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக மணியக்காரர் சத்திரம் தோன்றியது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அதனையொட்டி நோயாளிகளுக்கான இடமொன்றை அமைத்தார். காலப்போக்கில் அது வளர்ந்து, மருத்துவப் பள்ளியுடன் இணைந்து, ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. ஆளுநர் பெயர் பலகையில் ஏறிய பின்னரும் மக்கள் நாவில் கஞ்சித்தொட்டியே நின்றது.

சத்திரத்தின் கஞ்சி சூடாக இருந்தாக வேண்டியதற்குக் காரணம் உண்டு. பசித்து வந்தவன் அதைக் காய்ச்சியவரை அறியான். எப்பொழுது காய்ச்சியது, எந்தத் தண்ணீரில் காய்ச்சியது, யாருடைய மிச்சம் என்பனவற்றையும் அறியான். தொட்டியிலிருந்து எழும் ஆவி ஒன்றே அவனுக்குக் கிடைக்கும் சான்று: இது இன்று உனக்காகவே காய்ச்சப்பட்டது, பிறர் உண்டு கழித்த எச்சம் அன்று.

வடசென்னையோடு நெருங்கிய தொடர்புடைய இன்னொருவர் இச்சான்றினை அறமாகவே நிலைநிறுத்தினார். ஏழுகிணற்றில் வாழ்ந்து, திருவொற்றியூர்க் கோயிலுக்குச் சென்று வழிபட்டு வந்த இராமலிங்க வள்ளலார், 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாது காக்கப்பட்டு வருகிறது. எந்த நேரத்தில் எவர் வந்தாலும் அவருக்கென நெருப்பு காத்திருக்கிறது என்பதே அதன் பொருள். நேற்றைய மிச்சத்தை இரவலனுக்கு இடும் உலக வழக்கை அந்த அடுப்பு மறுத்தது.

இந்த மறுப்பின் ஆழத்தை உணரவேண்டுமானால் 'பழையது' என்னும் சொல் கொல்லைப்புறங்களில் பெற்றிருந்த பொருளை நினைவிற்கொள்ள வேண்டும். பண்ணைகளிலும் பெரிய வீடுகளிலும் வேலை செய்தோருக்குப் புழைக்கடையில் இடப்பட்டது பழையதே. தன் வீட்டுச் சட்டியிலிருந்து எடுத்து உண்ணும் பழைய சோறு வேறு. பிறர் வீட்டுப் பின்வாசலில் ஏந்தி வாங்கும் பழைய சோறு வேறு. நீரும் உப்பும் சோறும் இரண்டிலும் ஒன்றே. வேறுபட்டது இட்டவருக்கும் ஏற்றவருக்கும் இடையிலிருந்த உறவு. அவமதிப்பின் நினைவு சோற்றின் மேல் ஏறிக்கொண்டது. பின்னாளில் நகரத்தில் நிலையான கூலி பெற்ற குடும்பங்கள் பழையது உண்பதை அண்டை வீட்டார் அறியாமல் மறைத்தது இந்நினைவினாலேயே என்று கொள்வது பொருந்தும்.

முப்பது நிமிடம்

ஆலை வந்த பிறகு உணவுக்குப் புதியதோர் அளவுகோல் வந்தது. வயலில் பொழுதைப் பார்த்து உண்டவர், இப்பொழுது சங்கொலியைக் கேட்டு உண்ண நேர்ந்தது. 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நண்பகலுக்கும் இரண்டு மணிக்கும் இடையே அரை மணி நேரம் வேலையை நிறுத்துமாறு விதித்தது. அந்த அரை மணிக்குள் இயந்திரத்தை விட்டு வெளியே வந்து, கைகழுவ நீர் தேடி, வீட்டிலிருந்து வந்த தூக்குப் பாத்திரத்தைக் கண்டுபிடித்து, நிழல் பார்த்து அமர்ந்து, உண்டு, மீண்டும் வாயிலுக்குள் சேர வேண்டும்.

1918ஆம் ஆண்டு பெரம்பூரின் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் தம் குறைகளைப் பி. பி. வாடியாவிடம் எடுத்துரைத்தபொழுது, இவ்விடைவேளையின் குறுமையே முதன்மையான முறையீடுகளுள் ஒன்றாக இருந்தது. செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் அவ்வாண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. வாடியா தலைவராகவும், திரு. வி. க. துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினர். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் முறையாக அமைந்த முதற் சங்கம் என்று பலரும் இதனைப் போற்றுவர். அது தொடக்கத்திலேயே பெற்ற பயன்களுள் ஒன்று, முப்பது நிமிட உணவு இடைவேளை நாற்பது நிமிடமானது.

இந்நிகழ்ச்சியில் ஊன்றி நோக்கத் தக்கது ஒன்றுண்டு. உணவைப் பற்றி எழுந்த அப்போராட்டம் வேண்டியது பத்து நிமிடம். காலையில் ஆக்கிக் கொடுத்த சோறு நண்பகலில் ஆறியிருக்கும் என்பது அவர்கள் அறிந்ததே. அது ஒரு குறையாக முன் நிற்கவில்லை. உட்கார்ந்து, மென்று, உடனுண்போரோடு இரண்டு வார்த்தை பேசி உண்ண விடாமல் விரட்டப்படுவதே குறையாகப்பட்டது. விழுங்கிவிட்டு ஓடினால் அது தீனி. அமர்ந்து உண்டால் அது சாப்பாடு என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது. பம்பாயில் 1890 முதல் வளர்ந்த டப்பாவாலாக்களின் ஏற்பாடும் இதே தேவையிலிருந்து எழுந்தது. வீட்டுச் சோறு உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்வதிலேயே அவர்களின் பெருமை அடங்கியிருக்கிறது.

விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இவ்வுண்மையை ஓரளவு ஏற்றுக்கொண்டது. ஐந்து மணி நேர வேலைக்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்யுமிடங்களில் உணவகம் அமைக்கச் செய்யும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. 150 பேருக்கு மேல் இருந்தால், தொழிலாளர் தாம் கொண்டுவந்த உணவை அமர்ந்து உண்பதற்குக் குடிநீர் வசதியுடன் கூடிய அறை வேண்டும் என்றும் விதித்தது. 'தாம் கொண்டுவந்த உணவு' என்னும் அத்தொடர் அடுக்குப் பாத்திரத்தில் ஆறிப்போன சோற்றுக்குச் சட்டம் தந்த மதிப்பு.

அடுப்பங்கரையின் கணக்கு

சூடான உணவே முறையான உணவு என்னும் கொள்கையை ஒரு குடும்பம் மேற்கொண்டால் அதற்கான விலையை யார் கொடுத்தனர் என்பது வரலாற்றில் பெரிதும் எழுதப்படாத பக்கம். ஷிப்டு முறையில் தந்தை காலை ஆறு மணிக்குப் புறப்படுவார். மகன் இரவு பத்து மணிக்குத் திரும்புவான். பிள்ளைகள் நடுப்பகலில் பள்ளியிலிருந்து வருவர். எல்லாருக்கும் சூடாக இடுவதென்றால் ஒரு நாளைக்குப் பல முறை அடுப்பை மூட்ட வேண்டும். விறகும் வறட்டியும் மரத்தூளும் எரிந்த காலத்தில், பிறகு பங்கீட்டுக் கடையில் வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெய் எரிந்த காலத்தில், ஒவ்வொரு மூட்டலும் காசு. ஒவ்வொரு மூட்டலும் புகை. ஒவ்வொரு மூட்டலும் ஒரு பெண்ணின் பொழுது. அருகிலுள்ள மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கியபோதும், எரிவாயு உருளை வடசென்னையின் எளிய குடியிருப்புகளுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

இரவில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைக்கும் வழக்கம் இக்கணக்கின் விடை. விடியற்காலையில் அடுப்பு மூட்டாமலே குடும்பம் முழுவதும் உண்ணலாம். யார் எப்பொழுது வந்தாலும் சட்டி ஒரே நிலையில் இருக்கும். பிந்தி வந்தவருக்குக் குறைந்த உணவென்பது இல்லை. சுட்ட கருவாடும், சின்ன வெங்காயமும், மோர் மிளகாயும் துணை நிற்கும். நீராகாரம் வேலைக்குப் போகும் உடம்புக்கு உப்பையும் நீரையும் ஒருசேரக் கொடுக்கும். சமையலின் கடிகாரத்திலிருந்து பெண்ணுக்குச் சில மணி நேரத்தை மீட்டுத் தந்த ஏற்பாடு அது.

சூட்டைப் பெருமையாகக் கொண்ட வீடுகளிலும் ஒருத்தி அன்றாடம் ஆறியதையே உண்டாள். அனைவருக்கும் தோசையோ சோறோ சுடச்சுடப் பரிமாறியவள், எல்லாரும் எழுந்த பின், அடிச்சட்டியில் எஞ்சியதை, குழம்பு பாடை கட்டிய பின் உண்டாள். சூடு இல்லையேல் அது உணவன்று என்னும் அளவுகோல் உண்மையானால், அவள் தன் வாழ்நாளில் பெரும்பாலும் முறையாக உண்ணவே இல்லை. அளவுகோலை வகுத்தவர் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய சோற்று வீட்டிலோ, சட்டியைச் சுற்றி அமர்ந்தவர்களுள் அவளும் ஒருத்தியாக இருக்க இயன்றது.

பிள்ளைகளின் தட்டு

இனி அரசு இடும் உணவுக்கு வரலாம். தண்டையார்ப்பேட்டையோடு தொடர்புடையவரும் சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கியவருமான பிட்டி தியாகராயரின் காலத்தில், 1920ஆம் ஆண்டு, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்கு நண்பகல் உணவு தொடங்கப்பட்டது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு என்பது வரம்பு. மேலும் சில பள்ளிகளுக்கும் பரவிய அத்திட்டம், அரசின் இசைவின்மையால் 1925இல் நின்றுபோயிற்று. 1956இல் காமராசர் ஆட்சியில் அது மாநில அளவில் புத்துயிர் பெற்றது. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் பள்ளிதோறும் அடுப்பை மூட்டியது. பிற மாநிலங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்கு உலர் தானியமே அளந்து கொடுக்கப்பட்ட நிலையில், 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவையே தர வேண்டும் என்றும், அதில் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதன் தொடர்ச்சியே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை. 2022 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டமும் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடான உணவையே பள்ளிக்குக் கொண்டு சேர்க்கிறது.

அரசு சூட்டை வற்புறுத்துவது சரியே. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆக்கும் சோறு, வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் பாசில்லஸ் சீரியஸ் போன்ற நுண்ணுயிர்கள் பெருகி நோய் தரும். சூடு என்பது அப்பொழுதே சமைத்தது என்பதற்கு எளிதில் சரிபார்க்கத் தக்க அடையாளம். தட்டைத் தொட்டுப் பார்த்தே ஒரு குழந்தை அதை அறியலாம். தானியத்தைப் பையில் கொடுத்தால் அது வழியில் கரையும்; சோறாகக் கொடுத்தால் அது வயிற்றைச் சேரும். கஞ்சித்தொட்டியின் ஆவியும் வடலூர் அடுப்பும் சொன்னதையே சட்டமும் சொல்கிறது. முகமறியாதவர் இடும் உணவுக்குச் சூடு உறுதிச்சீட்டாகிறது.

குடும்பத்தில் அந்த உறுதிச்சீட்டுக்குத் தேவை எழுவதில்லை. அங்கே சட்டியில் நீரூற்றியது யார், எப்பொழுது ஊற்றினார், உப்பு எவ்வளவு இட்டார் என்பது அனைவருக்கும் தெரியும். ஊறும் சோற்றில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. அப்புளிப்பு, கெடுக்கும் கிருமிகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவுகிறது. சட்டியைக் கழுவுவதிலும், நல்ல நீரை ஊற்றுவதிலும், நாற்றத்தை முகர்ந்து பார்த்து வேண்டாததைக் கொட்டிவிடுவதிலும் தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கம் இருந்தது. சத்திரத்தில் நெருப்பு செய்த வேலையை வீட்டில் அந்தக் கைப்பழக்கமும், அதனை நம்பி உடனமர்ந்து உண்டோரின் பழக்கமும் செய்தன. சத்திரத்தின் அளவுகோலை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததே வழக்கின் மூலம்; வீட்டின் எளிமையைச் சாக்காகக் காட்டிப் பிறருக்கு ஆறியதை இடுவது அதன் மறுபக்கத் தவறு.

பஞ்சத்தில் கஞ்சி வார்த்த சத்திரத்தின் வழிவந்த அதே ஸ்டான்லி மருத்துவமனையில், 2020களின் தொடக்கத்தில், பழைய சோற்றினைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்து அதன் விளைவை அறியும் ஆய்வு அரசின் நிதியுதவியுடன் மேற்கொள்ளப்பட்டது. அண்டை வீட்டார் அறியாமல் ஒரு காலத்தில் மறைத்து உண்ட உணவு, அவ்வட்டாரத்தின் மருத்துவமனையிலேயே ஆராய்ச்சிப் பொருளாயிற்று. ஆய்வின் முடிவு எதுவாயினும், மருத்துவர் மெச்சினார் என்பதற்காக மட்டும் அவ்வுணவு மதிப்புப் பெற வேண்டியதில்லை. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எத்தனையோ குடும்பங்கள் அதனை உண்டே கப்பலை இறக்கின, நூலை நூற்றன, வலையை இழுத்தன.

பெரம்பூர் ஆலைகளின் சங்கொலி 1996இல் ஓய்ந்தது. இன்று கல்மண்டபத்தின் வீடுகளில் எரிவாயு அடுப்பு எந்நேரமும் மூட்டத் தயாராக இருக்கிறது. சோற்றைச் சூடாக்குவது ஒரு நிமிட வேலை. ஆயினும் வீட்டார் அனைவரும் ஒருசேர அமர்ந்து உண்ணும் வேளை முன்னிலும் அரிதாகிவிட்டது. ஒருவர் சூடாக்கி உண்டு எழுந்த பின் மற்றவர் சூடாக்குகிறார். 1918இல் அத்தொழிலாளர்கள் கேட்ட பத்து நிமிடம் இன்னும் பல வீடுகளுக்கு வந்து சேரவில்லை. பசியாறியாயிற்றா என்று ஒருவரையொருவர் கேட்பதற்கு அந்தப் பத்து நிமிடமே போதும்.